"உயில் வேண்டாம், செட்டில்மென்ட் போடுங்கள்" என்று சொல்லும் பத்திர எழுத்தரிடம் கவனமாக இருங்கள்

கும்பகோணம் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டிருப்பவர். பெயர் எழுதவில்லை. அதே வேலையைச் செய்பவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள்.

என் அத்தைக்கு 66 வயது. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு அத்தையின் பெயரில்தான் வாங்கியது. "என் காலத்துக்கு அப்புறம் பையனுக்கு" என்று எழுதிவைக்கத்தான் போனார். அதற்கு உயில் போதும். அத்தை கையெழுத்துப் போட்டு, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவதும் நம் விருப்பம். மனசு மாறினால் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

எழுத்தர் சொன்னது: "உயில்னா நாளைக்குக் கேஸ் போடுவாங்கம்மா. செட்டில்மென்ட்தான் ஸ்ட்ராங்." உயில் வழக்குக்குப் போவது உண்டு, அது பொய்யில்லை. ஆனால் செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தைத் தானமாக எழுதிக்கொடுக்கும் பத்திரம், அதைப் போட்டால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடும் என்பதை அவர் சொல்லவேயில்லை. பத்திரத்தில் "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இருக்கிறது. அத்தை ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் இருக்கலாம் என்றோ, பையன் அவரைப் பராமரிக்க வேண்டும் என்றோ ஒரு வரி இல்லை. அந்த இரண்டு வரியைச் சேர்க்க ஒரு ரூபாய் கூடுதலாக ஆகியிருக்காது. கேட்டுச் சேர்ப்பதுதானே அவர் தொழில்?

அப்புறம் காசு. வீட்டுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 50 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் ஏற்றியது இது. ஆக அரசாங்கத்துக்குப் போவது 50,000. இவர் வாங்கியது 85,000. மீதி எதற்கு என்றால் "எழுத்துக் கூலி, ஆபீஸ் செலவு". ரசீது கேட்டதற்குச் சிரித்தாராம்.

அடுத்த வருஷமே அத்தான் அந்த வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிவிட்டார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோதுதான் அத்தைக்கே தெரிந்தது. பத்திரத்தை ரத்து செய்துவிடலாமே என்று எழுத்தரிடமே போனார். "அது முடியாதும்மா, நீங்கதானே கொடுத்தீங்க" என்று பதில். சட்டமும் அப்படித்தான். மனசு மாறியது என்பதற்காகத் தானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் விடுவதில்லை.

இப்போது 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறோம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்து, பராமரிப்பு இல்லாமல் போனால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்க அதில் வழி உண்டு. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. முதியோருக்குச் சாதகமாக இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது எங்கள் மனு. அந்த ஒரு வரி பத்திரத்தில் இருந்திருந்தால் இத்தனை இழுபறி இல்லை.

இதே ஆள் என்னிடம் பேசியதையும் சொல்ல வேண்டும். எனக்கு 38 வயது, இரண்டு சின்னக் குழந்தைகள். அத்தையோடு போன அன்றைக்கு எனக்கும் உயில் எழுத வேண்டும் என்றேன். "இந்த வயசுல உயிலா? நாமினி போட்டிருக்கீங்கல்ல, போதும் சார்" என்றார். நாமினி பொதுவாகப் பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், வாரிசு உரிமை அதனால் மாறாது. இன்சூரன்ஸ் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் 1984-இல் இதைத்தான் சொன்னது, ஆனால் பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று 2015-இன் சட்டத் திருத்தம் சொல்கிறது. உயில் இல்லாமல் நான் போய்விட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி என் வீடு மனைவி, இரண்டு குழந்தைகள், என் அம்மா என நான்கு சம பங்காகும். குழந்தைகளின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் மனைவியால் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குத்தான் உயில் முதலில் வேண்டும்.

அதாவது, இப்போதே எழுத வேண்டியவனுக்கு "அப்புறம்" என்றார். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவரிடம் "இப்பவே கொடு" என்றார். உயிலில் அவருக்குக் கிடைப்பது சொற்பக் கூலி, செட்டில்மென்ட்டில் கை நிறைய. எனக்குத் தெரிந்து வேறு காரணம் இல்லை.

அவர்மேல் மாவட்டப் பதிவாளரிடம் புகார் கொடுத்திருக்கிறோம். நீங்கள் போவதாக இருந்தால், பதிவுக்கு முன்னாலேயே வரைவை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். "இன்று முதல்" என்று இருந்தால், ஆயுட்கால உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக உதவி உண்டு. அத்தையின் மனுவைத் தயார் செய்ததும் அங்கேதான்.