ஆட்சிக்கு மார்க் போட எந்தக் கணக்கு? கடலூரை வைத்து ஓர் அலசல்

ஓர் அரசு உருப்படியாக என்ன செய்தது என்று பார்க்க நம் கையில் மூன்று கணக்குகள் இருக்கின்றன. பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்று. சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து விசாரிக்கும் மாதிரி ஆய்வு இன்னொன்று. தேசிய குடும்ப நல ஆய்வு இந்த வகை. அப்புறம், துறைகள் தாங்களே எழுதி வைக்கும் பதிவேடு. தேர்தல் மேடைகளில் அதிகம் முழங்குவது பதிவேட்டுக் கணக்குதான். நான் நம்புவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. அதற்குக் காரணம் சொல்லக் கடலூர் மாவட்டம் ஒன்றே போதும்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் 0-6 வயதில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 957 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2011இல் அது 896. அதே பத்தாண்டில் மாநில சராசரி 942, 943 என்று அசையாமல் நின்றது. சென்னையில் உட்கார்ந்து மாநில எண்ணை மட்டும் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்ற சட்டம் 1994லேயே வந்துவிட்டது. அதன் பிறகும் ஒரே மாவட்டத்தில் 61 புள்ளி இறங்கியிருக்கிறது என்றால், சட்டம் காகிதத்தில் இருந்தது, கண்காணிப்பு இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பெண் குழந்தையை வேண்டாம் என்பவர்கள் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்று 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கடலூருக்கும் கொண்டுவந்தது 2011 எண்கள் வெளியான பிறகுதான்.

சரி, இதே கேள்வியை மற்ற இரண்டு கணக்குகளிடம் கேட்டுப் பார்ப்போம். 2005-06இல் நடந்த குடும்ப நல ஆய்வில் மாவட்ட வாரியான எண்களே கிடையாது. 2015-16 ஆய்விலிருந்து அவை வருகின்றன என்றாலும், ஒரு மாவட்டத்தில் ஆயிரத்துக்குள்தான் வீடுகள். அந்த வீடுகளில் பிறந்த சில நூறு குழந்தைகளை வைத்துப் பாலின விகிதம் போட்டால் எண் தாறுமாறாக ஆடும்.

பிறப்புப் பதிவேட்டின் சிக்கல் வேறு. பிறப்பை அது நடந்த இடத்தில்தான் பதிய வேண்டும். கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் பிரசவத்துக்கு ஜிப்மருக்கோ புதுச்சேரியின் வேறு ஆஸ்பத்திரிகளுக்கோ போவது நமக்குப் புதிதல்ல. நெல்லிக்குப்பத்துக் குழந்தை புதுச்சேரிப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அதனால் புதுச்சேரியின் பதிவுக் கணக்கில் பிறப்பு விகிதம் உள்ளதைவிட உயர்ந்து தெரியும். கடலூரின் கணக்கில் ஓட்டை விழும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டும்தான் அந்தக் குழந்தையை அதன் வீட்டில் வைத்து எண்ணுகிறது.

கழிப்பறை விஷயத்திலும் இதுதான் நடந்தது. கிராமங்களில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கழிப்பறை வந்துவிட்டது என்று மத்திய அரசின் பதிவேடு சொல்லிக்கொண்டிருந்தது. 2011 கணக்கெடுப்போ, நாட்டின் கிராமப்புற வீடுகளில் 30.7 சதவீதத்தில்தான் வளாகத்துக்குள் கழிப்பறை இருக்கிறது என்றது. நிதியைச் செலவழித்த துறையே பதிவேட்டையும் எழுதினால், விறகு அடுக்கி வைத்திருக்கும் அறையும் கழிப்பறையாகத்தான் கணக்கில் ஏறும். கணக்கெடுக்க வருகிற டீச்சருக்கு அந்தத் திட்டத்தின் இலக்கைப் பற்றிக் கவலை இல்லை. வீட்டில் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

அதற்காக மாதிரி ஆய்வை ஒதுக்கிவிட முடியாது. குழந்தையின் உயரம், எடை, தாயின் ரத்தசோகை இதையெல்லாம் அளந்தே எழுதுவது குடும்ப நல ஆய்வுதான். சத்துணவும் அங்கன்வாடியும் பலன் தந்தனவா என்று தெரிய வேண்டுமென்றால் அதைத்தான் புரட்ட வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுதப் படிக்கத் தெரியும் என்று வீட்டார் சொன்னால் எழுத்தறிவு உள்ளவர். யாரும் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை.

அதைவிடப் பெரிய குறை, காலம். 2021இல் வர வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கிறது. பதினாறு ஆண்டு இடைவெளி. கடலூரில் கூரை வீடு எத்தனை என்று நம் கையில் இருக்கும் கடைசிக் கணக்கெடுப்பு எண், 2011 கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலுக்காக 2010இல் எடுத்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது இதே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். அதற்குப் பின் குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்டித் தருவதாக அரசு அறிவித்தது. எத்தனை குடும்பங்கள் உண்மையில் மாறின என்று ஊர் ஊராகச் சொல்லும் கணக்கு இன்னும் இல்லை. இத்தனை தாமதத்துக்குப் பிறகு, எது எந்த ஆட்சியின் பங்கு என்று பிரிப்பதும் கஷ்டம். மாதிரி ஆய்வும் இதில் அடி வாங்குகிறது; எந்த ஊரில் விசாரிப்பது என்று அது தீர்மானிப்பதே பழைய 2011 பட்டியலை வைத்துத்தான்.

புதிய அட்டவணைகள் வரும்போது நான் முதலில் தேடப்போவது கடலூரின் 0-6 வயதுப் பாலின விகிதம். 896 எங்கே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்தது, கடலோர ஊர்களில் கூரை எதனால் ஆனது என்ற விவரம். மாவட்ட சராசரியோடு நிறுத்திவிடாதீர்கள். கிராமம், வார்டு வரைக்கும் விவரம் கிடைக்கும். உங்கள் ஊரின் எண்ணை எடுத்துக்கொண்டு போய், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் காட்டிக் கேளுங்கள்.