இன்டீரியர் டிசைன்: பட்டமா, டிப்ளமோவா, ஆர்க்கிடெக்சர் வழியா?

இன்டீரியர் டிசைனைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். மூன்று அல்லது நான்கு ஆண்டு பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று. சில மாதங்களிலோ ஓராண்டிலோ முடிகிற டிப்ளமோ இன்னொன்று. ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு அப்புறம் இந்தப் பக்கம் வருவது மூன்றாவது. என்னைக் கேட்டால் பட்டம்தான் என்பேன். ஆனால் எல்லாப் பட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன்.

டிப்ளமோவிலிருந்து தொடங்குவோம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் போன்ற வரைபட மென்பொருள்கள், ரெண்டர் (அறை முடிந்தபின் எப்படி இருக்கும் என்று புகைப்படம் போலக் காட்டும் கணினிப் படம்) எடுக்க ஒரு மென்பொருள், இவ்வளவும் ஓராண்டில் கைக்கு வந்துவிடும். உடனே சம்பாதிக்கத் தொடங்கலாம். வேறொரு பட்டம் வாங்கிவிட்டுத் துறை மாறுகிறவருக்கு இது நல்ல வழி. குடும்பத்தில் தச்சுப்பட்டறையோ கட்டுமானத் தொழிலோ இருந்தால் இதுவே போதும். பொருளைப் பற்றிய அறிவு அவருக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது, வரைபடம் மட்டும்தான் குறை.

அப்படி எந்தப் பின்புலமும் இல்லாமல் வருகிறவருக்குத்தான் சிக்கல். வேலை கேட்டு வந்த ஒருவர் என்னிடம் காட்டிய படுக்கையறை இன்னும் நினைவில் இருக்கிறது. ரெண்டர் அவ்வளவு அழகு. ஜன்னல் வழியாக விழும் வெயில், திரையின் மடிப்பு, எல்லாம் அசல் போலவே. பிளானை வாங்கிப் பார்த்தேன். அறையின் அகலம் 3000 மி.மீ. ஒரு சுவரில் தலைமாடு வைத்துப் போட்ட கட்டிலின் நீளம் 2000. எதிர்ச் சுவரில் அலமாரி, ஆழம் 600. நடுவில் மிச்சம் 400. அலமாரிக் கதவின் அகலம் 450. கதவு கட்டிலில் இடிக்கும், முழுதாகத் திறக்கவே திறக்காது. ரெண்டரில் கேமராவை மூலையில் உயரமாக வைத்திருந்ததால் அது தெரியவில்லை. அந்தப் பிள்ளையிடம் திறமை இருந்தது. அந்தக் கதவு திறக்கும்போது போகும் வளைவைப் பென்சிலால் போட்டுக் காட்டச் சொல்ல அதுவரை யாரும் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

பட்டப்படிப்பில் அதற்குத்தான் ஸ்டூடியோ என்ற வடிவமைப்புப் பயிற்சி வகுப்பும், ஜூரி என்ற மதிப்பீட்டுக் குழுவும். சுவரில் ஷீட்டை ஒட்டிவிட்டு நாலைந்து பேர் முன்னால் நிற்க வேண்டும். இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், சக்கர நாற்காலியில் வருபவர் இந்தக் குளியலறையில் எப்படித் திரும்புவார் என்று கேள்வி வரும். அமெரிக்காவின் அணுகல் தரநிலையில் அப்படி முழுச் சுற்று திரும்ப 1525 மி.மீ. விட்டமுள்ள வட்டம் காலியாக இருக்க வேண்டும். அந்த எண்ணைப் புத்தகத்தில் படித்தவர் மறந்துவிடுவார். ஜூரியில் மாட்டிக்கொண்டு இரவெல்லாம் பிளானை மாற்றி வரைந்தவர் மறக்க மாட்டார். ஓராண்டுப் படிப்பில் இப்படி விழுந்து எழுந்திருக்க நேரம் கிடைப்பதில்லை.

கையால் பொருளைத் தொட்டுக் கற்பதும் பட்டத்தின் பெரிய பலம். 1919-இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில், மாணவர்கள் தங்கள் துறைப் பட்டறைக்குள் போகும் முன் நிறம், வடிவம், பொருள் ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சி ஒன்றை முடித்தாக வேண்டும். இன்று பல டிசைன் கல்லூரிகளின் முதலாண்டில் அதன் சாயல் இருக்கிறது. சேர்ந்த புதிதில் மாணவர்கள் இதை நேர விரயம் என்று நினைப்பதுண்டு. ஆனால் கடை வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரிந்த சோபாத் துணியும், அலமாரிப் பலகை மேல் ஒட்டும் லேமினேட்டும் வீட்டு விளக்கில் இரண்டு நிறமாகப் பிரிந்து நிற்கும்போது, அந்தப் பயிற்சியின் அருமை புரியும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பாதுகாப்பு. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியில், மேடையில் விட்ட வாணத்தின் பொறி சுவரில் ஒலியைக் கட்டுப்படுத்த ஒட்டியிருந்த பாலியூரிதேன் நுரையில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாண்டா மரியாவில் 'கிஸ்' விடுதியிலும் கூரையில் இருந்த நுரைதான் பற்றி எரிந்தது. அங்கே 242 உயிர்கள் போயின. சுவரில் எதை ஒட்டுகிறோம், அது எரிந்தால் என்ன புகை வரும், ஜனம் எந்த வழியாக வெளியேறும் என்பதெல்லாம் இந்தத் தொழிலின் அடிப்படை. இதற்கென்று தனிப் பாடமும் தேர்வும் வைத்துச் சொல்லித் தருகிற வழியில் வந்தவரிடம்தான் நான் ஒரு திரையரங்கையோ மருத்துவமனையையோ நம்பி ஒப்படைப்பேன்.

சில இடங்களில் சட்டமும் இதையே கேட்கிறது. வட அமெரிக்காவில் பல மாநிலங்களில் பதிவு பெற்ற வடிவமைப்பாளராக என்சிஐடிக்யூ என்ற தேர்வில் தேற வேண்டும். இன்டீரியர் டிசைனில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களும் அதற்கு 3520 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். வாரம் 40 மணி என்று வைத்தால் 88 வாரம். பட்டம் வாங்கிய அன்றே தொழில் தெரிந்துவிடாது என்பதை அந்தத் தேர்வு நடத்துகிறவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

சரி, ஆர்க்கிடெக்சர் வழி? சுவரை இடிக்கலாமா, பீம் எங்கே போகிறது என்று கட்டடத்தின் எலும்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல படிப்பு இல்லை. 20-ஆம் நூற்றாண்டு அலுவலக அறைகளின் தோற்றத்தையே மாற்றிய ஃப்ளோரன்ஸ் நோல் கட்டடக்கலை படித்தவர்தான். ஆனால் ஆண்டுகள் கூடுதல், துணி, விளக்கு, மரச்சாமான் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. கட்டடமும் கட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போகலாம். அறைக்கு உள்ளேதான் மனம் என்றால் சுற்றுவழி.

இப்போது பட்டத்தின் குறை. சில பல்கலைக்கழகங்களில் நான்கு ஆண்டும் வகுப்பறையிலேயே போய்விடும். சைட்டில் ஃபால்ஸ் சீலிங் எப்படித் தொங்குகிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் வெளியே வருகிறார்கள். ஏசி காற்று போகும் டக்டுக்கு இடம் விடாமல் சீலிங் வரைந்துவிட்டு, சைட்டில் ஆசாரி கேட்கும்போது விழிக்கிறார்கள். அந்த மாதிரிப் பட்டத்துக்கு நல்ல டிப்ளமோவும், ஒழுங்கான அலுவலகத்தில் இரண்டு ஆண்டு உதவியாளர் வேலையும் மேல்.

அதனால் சேரும் முன் நேரில் போங்கள். கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் ரெண்டர்களை விட்டுவிட்டு, இறுதியாண்டு மாணவர்களின் வொர்க்கிங் டிராயிங்கை, அதாவது சைட்டில் பார்த்து வேலை செய்வதற்கான வரைபடத்தைக் கேளுங்கள். அதில் உள்ளமைப்பைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒரு சீலிங் செக்‌ஷனாவது இருக்கிறதா, அளவுகள் போட்டிருக்கிறதா, பொருளின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்ன்ஷிப் எத்தனை வாரம், பாடம் எடுப்பவர்களில் எத்தனை பேர் இப்போதும் சைட்டுக்குப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தரையில் மரத்தூள் கிடந்தால் மேற்கொண்டு பேசலாம். மெஷின்கள் உறை போட்டபடி பளபளவென்று நின்றால், அடுத்த கல்லூரியைப் பார்க்கக் கிளம்பிவிடுங்கள்.