கிட்டார் பெடல் கிட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: போலி ஜே201

பூஸ்ட்டும் (சிக்னலை ஏற்றுவது) நாய்ஸ் கேட்டும் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது) ஒரே போர்டில் வருகிற ஒரு கிட்டார் பெடல் கிட்டை ஆன்லைனில் விற்கிறார்கள். நீங்களே சால்டர் செய்து முடித்துக்கொள்ளும் வகை. அதில் ஜே201, 2என்5457 என்று அச்சடித்து வந்த ஜேஃபெட்கள் (ஒருவகை ட்ரான்சிஸ்டர்) எதுவும் அந்த எண்ணுக்கு உரியவை அல்ல. ஒவ்வொன்றாக அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் குன்னூரில் ஆம்ப், ஸ்பீக்கர் ரிப்பேர் செய்கிறேன். எங்கள் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற தம்பி ஒருவன், எஸ்டேட் குடும்பத்துப் பையன், காசு சேர்த்து வைத்து இந்தக் கிட்டை வாங்கினான். அவனுடையது சிங்கிள் காயில் கிட்டார் (இரைச்சலைச் சுலபமாகப் பிடிக்கிற பிக்கப்), சர்ச் கட்டடமோ பழையது, எர்த்திங் சரியில்லை, வாசிப்பதை நிறுத்தினால் போதும், ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எழுந்து நிற்கும். பூஸ்ட் போட்டால் அந்த இரைச்சலும் கூடவே ஏறும், அதனால்தான் நாய்ஸ் கேட்டும் வேண்டும் என்று நினைத்தான். சரியான யோசனைதான். இந்தப் பார்ட்ஸெல்லாம் மலைமேல் கிடைக்காது, ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதுவும் ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கூரியர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சால்டரிங் சுத்தமாகவே இருந்தது. ட்ரான்சிஸ்டர்களை நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட் வைத்திருந்தான். ஆனால் பூஸ்ட் ஏறவில்லை. நாய்ஸ் கேட் பக்கத்தில் மெதுவாக வாசித்தால் சத்தமே வரவில்லை, பலமாக ஸ்ட்ரம் செய்தால் மட்டும் உடைந்து உடைந்து வந்தது. விற்றவரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறான். "உங்களுக்கு சால்டரிங் தெரியல தம்பி, பார்ட்ஸ் எல்லாம் ஒரிஜினல்" என்று பதில். பையன் அதை நம்பிவிட்டான், "எனக்குக் கை சரியில்லண்ணா" என்று சொல்லிக்கொண்டே என்னிடம் போர்டை நீட்டினான். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், கற்றுக்கொள்ள வந்த பையனிடம் உனக்கு வராது என்று பொய் சொல்வது பெரிய பாவம்.

ஜேஃபெட்டுக்கு ட்ரெய்ன், சோர்ஸ், கேட் என்று மூன்று கால்கள் (இந்த கேட் வேறு, நாய்ஸ் கேட் வேறு). பூஸ்ட் பகுதியில் ஜே201-இன் ட்ரெய்ன் முனையில் ஏறக்குறைய 4.5 வோல்ட் நிற்க வேண்டும், அதாவது 9 வோல்ட்டில் பாதி. அதற்குத்தான் 100 கிலோஓம் ட்ரிம்மர் (திருகி மாற்றுகிற ரெசிஸ்டர்) இருக்கிறது. அதை எங்கே திருப்பினாலும் 1 வோல்ட்டுக்குக் கீழேயே கிடந்தது, கடைசி முனைக்குக் கொண்டுபோனால் 4.5 வந்தது, ஆனால் அங்கே ரெசிஸ்டன்ஸ் சில கிலோஓம்தான், அவ்வளவு குறைந்தால் கெயின், அதாவது சிக்னல் பெருகுவது, எங்கிருந்து வரும்? ஆக அந்த ஜேஃபெட்டில் ஓடவேண்டியதைவிட அதிகக் கரண்ட் ஓடுகிறது. கழற்றி, கேட்டையும் சோர்ஸையும் சேர்த்து பேட்டரி மைனஸில் வைத்து, ட்ரெய்னுக்கும் பிளஸுக்கும் நடுவில் மீட்டரை மில்லிஆம்பியரில் போட்டேன். ஜே201 என்றால் 0.2-இலிருந்து 1 மில்லிஆம்பியருக்குள் காட்ட வேண்டும், டேட்டாஷீட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. இது 12-ஐத் தாண்டியது. வேறு ஏதோ மலிவான ஜேஃபெட்டின் மேல் எழுத்தை மாற்றியிருக்கிறார்கள்.

நாய்ஸ் கேட்டில் வந்தது இன்னும் மோசம். 2என்5457-இல் கால்கள் ட்ரெய்ன், சோர்ஸ், கேட் என்ற வரிசையில் இருக்கும், தனியாகக் கையில் எடுத்து மீட்டரை வைத்தால் முதல் இரண்டு கால்களுக்கு நடுவில் இரண்டு பக்கமும் ஒரு ரெசிஸ்டர் மாதிரி கரண்ட் ஓட வேண்டும். இதில் நடுக்காலைப் பொதுவாக வைத்தால் மற்ற இரண்டு கால்களுக்கும் டயோடு போல 0.65 வோல்ட் காட்டியது, ஓரக்கால்கள் இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஜேஃபெட்டே கிடையாது, சாதாரண என்பிஎன் ட்ரான்சிஸ்டர்! பலமாக அடித்தால் மட்டும் ஏன் சத்தம் வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த டயோடைத் தாண்டுகிற அளவுக்கு சிக்னல் இருந்தால்தான் அந்தப் பக்கம் போகும். கிட்டில் வந்த டிஎல்072 ஐசி, 1என்4148 டயோடு எல்லாம் நல்லவை, அவற்றில் குறை இல்லை.

கால் நீளமாக வரும் ஜே201 தயாரிப்பைப் பெரிய கம்பெனி நிறுத்திப் பல வருடமாகிறது. இப்போது சில்லறை விலையில் கட்டுக்கட்டாகக் கிடைப்பதைச் சந்தேகப்பட்டே வாங்குங்கள். போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கிற சின்ன எஸ்எம்டி வடிவில் எம்எம்பிஎஃப்ஜே201 என்று வருவதை நம்பகமான விநியோகஸ்தரிடம் வாங்கி, அடாப்டர் போர்டில் ஒட்டிப் பயன்படுத்தலாம். வெறும் பூஸ்ட் போதும் என்றால் ஜேஃபெட்டே தேவையில்லை. 1960களின் கடைசியில் வந்த எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் எல்பிபி-1 ஒரே ஒரு சாதாரண ட்ரான்சிஸ்டரில் ஓடுகிற பூஸ்ட்தான். தம்பிக்கு இப்போதைக்கு அந்த முறையில் பிசி549 வைத்துச் செய்து கொடுத்திருக்கிறேன், நன்றாகவே பேசுகிறது. நாய்ஸ் கேட் பாக்கி.

அளவுகளை வீடியோ எடுத்து அனுப்பிய பிறகு விற்றவர், "காலில் கீறல் இருக்கு, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்றார். சாக்கெட்டில் செருகினால் கீறல் விழத்தான் செய்யும். அதோடு, சொன்ன பொருளைக் கொடுக்காதவர் அதைத் திரும்ப வாங்க மறுக்க முடியாது, 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பில், பாக்கெட், சாட் எதையும் அழித்துவிடாதீர்கள்.

தம்பி பெயரில் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் பக்கம் யாராவது இதே மாதிரி கிட் வாங்கியிருந்தால் ஜேஃபெட்களை போர்டில் வைப்பதற்கு முன்பே அளந்து, வந்த எண்களைக் கீழே எழுதுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.