அரைஞாண் கயிற்றுக்கடியில் இருந்த பொருக்கு

டிசம்பரில் மெல்பர்னிலிருந்து ஊருக்குப் போய் இறங்கியபோது, அம்பாசமுத்திரத்தை அடுத்த எங்கள் கிராமத்தில் சித்தப்பாவுக்குப் பன்னிரண்டாவது நாளாகக் காய்ச்சல். பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் வைடால் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து, டைபாய்டு என்று சொல்லி, ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தார்கள். அப்படியும் மாலையானால் காய்ச்சல் 103 டிகிரிக்கு ஏறியது. தலைவலி தாங்காமல் கண்ணை மூடியே கிடந்தார். ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டை உறுதிசெய்ய முடியாது, பழைய தொற்றோ வேறு காய்ச்சலோகூட அதைப் பாசிட்டிவாகக் காட்டலாம், மருந்து தொடங்குமுன்பே ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) எடுத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வீணாய்ப் போன அந்த ஐந்து நாட்களை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். கூட்டம் அதிகம்தான். ஆனால் எங்களைப் பார்த்த மருத்துவர், நாங்கள் நீட்டிய ரிப்போர்ட்டுகளைத் தொடுமுன், "அண்ணாச்சி, வயக்காட்டுப் பக்கம் போனீங்களா? வீட்ல ஆடு மாடு உண்டா?" என்று கேட்டார். மணிமுத்தாறு கால்வாய்க் கரையில் ஆட்டுக்குப் புல் அறுத்ததைச் சித்தப்பா சொன்னதும், திரையை இழுத்துவிட்டு அக்குள், காதுமடலின் பின்புறம், தொடையிடுக்கு என ஒவ்வோர் இடமாகப் பார்த்தவர், அரைஞாண் கயிற்றை விலக்கியபோது நின்றார். பீடி நெருப்பு சுட்டதுபோல் கறுத்த பொருக்கு, பயறளவு, சுற்றிலும் சிவந்த வளையம். "இது வலிச்சுதா?" "இல்லையே ஐயா, அப்படி ஒண்ணு இருக்கதே தெரியாது."

அந்தப் பொருக்குதான் ஸ்க்ரப் டைபஸ் என்ற நோயின் அடையாளம். ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். கடிப்பது ஆட்டுண்ணி அல்ல, புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு. மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் நம் பக்கம் அதிகம் வருகிறது. இக்கிருமி உடலின் செல்லுக்குள் புகுந்து வாழ்வதால், முன்பு போட்ட ஊசி அதைத் தொடவே இல்லை. நோயை உறுதிசெய்யும் ஐ.ஜி.எம். எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனைக்கு ரத்தம் எடுத்தாலும் முடிவுக்குக் காத்திராமல், டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் வேளைக்கு ஒன்றாக, தினம் இருவேளை, ஏழு நாட்களுக்குக் கொடுத்தார்கள். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதித்து உயிரையே பறிக்கக்கூடிய நோய், இரண்டாம் நாள் இரவே வியர்த்து இறங்கிவிட்டது.

எல்லோருக்கும் இப்பொருக்கு இருக்காது என்பதையும் அவர் சொன்னார். அதனால்தான் அன்றே கல்ச்சரும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துவைத்தார். 48 மணி நேரத்தில் இறங்காவிட்டால் காசநோய், காய்ச்சாத பாலால் வரும் புருசெல்லா, இதய வால்வுத் தொற்று, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் என்று தேடல் நீண்டிருக்கும்.

கடிபட்டு ஆறிலிருந்து 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும் என்பதால், அதே கால்வாய்க் கரையில் நடந்த நானும் மெல்பர்ன் திரும்பியதும், ஊரின் பெயரையும் தேதிகளையும் நோயின் பெயரையும் எழுதிய தாளொன்றை என் குடும்ப மருத்துவரிடம் கொடுத்துவைத்தேன்.