லண்டன் சுற்றிக் காட்ட: திறந்த மாடி பஸ்ஸா, 1.75 பவுண்ட் சிவப்பு பஸ்ஸா?

கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து நண்பர்கள் வந்தால், கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டில் பெட்டியை இறக்கி வைக்கும்போதே பேச்சு தொடங்கிவிடும்: "நாளைக்கு எப்படிப் போறோம்?" சுற்றுலா பஸ்ஸிலும் கூட்டிப் போயிருக்கிறேன், சாதாரண பஸ்ஸிலும் கூட்டிப் போயிருக்கிறேன். இப்போது நான் சாதாரண பஸ் கட்சி.

டியூப் என்கிற சுரங்க ரயிலை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அது போய்ச் சேரத்தான், ஊர் பார்க்க அல்ல. அதன் வரைபடமும் தூரத்தை உள்ளபடி காட்டாது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு ரயில் ஏறினோம். நடந்திருந்தால் ஐந்து நிமிடம்தான். லிஃப்டில் கூட்டம் என்று படியில் ஏறினால் மொத்தம் 193 படி. கூட வந்தவர் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சுற்றுலா பஸ்ஸில் நல்லது இல்லாமல் இல்லை. மேலே கூரை கிடையாது, படம் எடுக்கத் தோது. எந்தக் கட்டடம் யார் கட்டியது என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவார்கள். எனக்கு அந்த விவரமெல்லாம் பாதிதான் தெரியும், மீதியைச் சமாளிப்பேன்.

சிக்கல் டிக்கெட்டில் இருக்கிறது. விலையைச் சொல்லவில்லை, அது செல்லுபடியாகும் நேரத்தைச் சொல்கிறேன். முதல் முறை வந்தது நண்பன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். பெரியவர்களுக்குத் தலைக்கு நாற்பது பவுண்ட் பக்கம், நம் காசில் நாலாயிரத்துக்கு மேல். 24 மணி நேரம் செல்லும். அதை வாங்கிய நிமிடத்திலிருந்து நண்பன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிறுத்தத்தில் அரை மணி நேரம் பஸ் வரவில்லை, மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் நாலு மணிக்குச் சின்னவள் அம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இங்கே கோடையில் நாலு என்றால் சென்னையில் எட்டரை. அவள் மேல் தப்பில்லை. ஆனால் "இன்னும் டவர் பிரிட்ஜ் பார்க்கலையே, காசு கொடுத்தாச்சே" என்று அவளைத் தூக்கிக்கொண்டே இரண்டு மணி நேரம் இழுத்தோம். வீடு திரும்பும்போது யாரும் யாரோடும் பேசவில்லை.

வந்த இரண்டாம் நாளில் யார் எப்போது சோர்ந்து விழுவார்கள் என்று சொல்ல முடியாது. விழும்போது "சரி, வீட்டுக்குப் போகலாம்" என்று நஷ்டமில்லாமல் சொல்ல முடிகிறதா? எனக்கு மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சாதாரண பஸ்ஸில் அப்படிச் சொல்லலாம். ஏறும்போது வங்கி அட்டையைக் கருவியில் ஒரு முறை தட்டினால் 1.75 பவுண்ட். 2023 மார்ச்சில் 1.65-லிருந்து ஏறிய கட்டணம் இது. தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான். நாள் முழுக்க பஸ்ஸிலேயே சுற்றினாலும் 5.25-க்கு மேல் பிடிக்காது. பதினொரு வயதுக்குக் கீழே இருந்தால் இலவசம்.

எங்கள் வழி இதுதான். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் டியூபில் ஏறி நேரே ஹேமர்ஸ்மித். அங்கேதான் 9-ஆம் எண் புறப்படுகிறது. காலைக் கூட்டம் ஓய்ந்து பத்து மணிக்கு மேல் போனால் மாடியில் முன்வரிசை கிடைக்கும். அந்த நாலு இருக்கைக்குத்தான் இவ்வளவு தூரம். பெரிய கண்ணாடி, எதிரே மரக்கிளை வந்து பட்டென்று அடிக்கும், பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கென்சிங்டன், ராயல் ஆல்பர்ட் ஹால், ஹைட் பார்க் முனை, பிக்காடில்லி, டிராஃபல்கர் சதுக்கம் எல்லாம் ஒரே பஸ்ஸில். அங்கே இறங்கி 15-ஆம் எண்ணில் ஏறினால் ஃப்ளீட் தெரு, செயிண்ட் பால்ஸ், கடைசியில் லண்டன் டவர். போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரம் தாண்டினால் இன்னொரு 1.75 போகும், போகட்டும். பிக் பென் இந்த வழியில் இல்லை. டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து வொயிட்ஹால் வழியாகப் பத்து நிமிடம் நடக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. 2014-லிருந்து பஸ்ஸில் ரொக்கமும் வாங்குவதில்லை. நண்பனின் மனைவி கையில் பத்து பவுண்ட் நோட்டோடு படியிலேயே நின்றார், பின்னால் வரிசை. இந்திய அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே திறந்துவிடச் சொல்லுங்கள்.

வயதான பெற்றோரை இப்படிக் கூட்டிப் போன அனுபவம் எனக்கு இல்லை. கீழ்த்தளத்தில் அவர்களுக்கென்று இருக்கை உண்டு, ஆனால் மாடியில் தெரிகிற ஊர் அங்கே தெரியாது. ஓடும் பஸ்ஸில் படியேறச் சொல்ல எனக்குத் துணிவில்லை. முழங்கால் வலிக்காரர்கள் வந்தால் ஒருவேளை என் கட்சி மாறலாம்.

போன ஆகஸ்டில் டவர் வந்தபோது மூன்றரை மணி. பிள்ளைகள் தெம்பாகவே இருந்தார்கள். மிச்சமான காசில் பக்கத்துத் துறையிலிருந்து கிரீனிச்சுக்குப் படகு ஏறினோம். டவர் பிரிட்ஜுக்கு அடியில் போகும்போது, அதுவரை ஒவ்வொன்றையும் ரூபாயில் பெருக்கிக்கொண்டிருந்த நண்பன் படகுக்கு எவ்வளவு என்று கேட்கவே இல்லை.