டப்பாவும் போச்சு, பிக்கப்பும் வரவில்லை

வேலூர், காட்பாடி பக்கம் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகைக்குழாயில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் டப்பா) அறுக்கச் சொல்வதற்கு முன் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

என் வண்டி 2014 மாடல். போன மாதம் ஏலகிரி ஏறும்போது பாதி வளைவுகூடத் தாண்டவில்லை, திணற ஆரம்பித்தது. இரண்டாவது கியரில் முழுசாக மிதித்தாலும் குலுங்கிக் குலுங்கித்தான் ஏறியது. ஊர் திரும்பியதும் பைபாஸ் ஓரம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனர் மாட்டவில்லை, பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "கேட்டலிடிக் கன்வெர்ட்டர்தான் சார் மூச்சை அடைக்குது. அறுத்துட்டு நேர் பைப் வச்சா வண்டி பறக்கும்" என்றார். 4,500 ரூபாய். நானும் தலையாட்டினேன். பழையதைக் கேட்டால், "வெறும் இரும்பு சார், எதுக்கு?" என்று சிரித்தார்.

வெறும் இரும்பா? உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டி பறக்கவில்லை. சத்தம் கூடியது. கிரீன் சர்க்கிளில் கண்ணாடியை இறக்கினால் கண் எரிந்தது. குலுக்கல் அப்படியே இருந்தது, கூடவே இன்ஜின் லைட்டும் அணையாமல் எரிந்தது.

அப்புறம் ராணிப்பேட்டையில் ஒரு பாயிடம் போனேன். ஸ்கேனரில் இரண்டு கோளாறு எண் (code) வந்தது. பி 0302, இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி 0420, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. "இல்லாதது எப்படி வேலை செய்யும்?" என்றார். இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) மூன்றாவதில் மாற்றி மாட்டினார். எண் பி 0303 ஆனது, காயிலோடு மிஸ்ஃபயரும் மூன்றாவது சிலிண்டருக்குப் போய்விட்டது. காயில்தான் வியாதி. புது காயில் 1,900 ரூபாய், அன்றைக்கே இழுவை வந்துவிட்டது.

நல்ல நிலையில் இருக்கும் கன்வெர்ட்டரால் ஓட்டுகிறவருக்குத் தெரிகிற அளவு பிக்கப் குறையாதாம். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் இன்ஜினையே வடிவமைக்கிறார்கள். அடைத்துக்கொண்டால் இழுவை போகும், உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் வேறு கோளாறு இருக்கும்: மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து தேன்கூட்டை உருக்கிவிடும், இல்லை இன்ஜின் ஆயில் குடிக்கும். அடைப்பா என்று பார்க்க புகைக்குழாயில் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டினால் போதும். என் வண்டிக்கு அதைக்கூடச் செய்யவில்லை அந்த பைபாஸ் ஆள்.

திரும்பப் போய்க் கேட்டேன். "காயலான் கடைக்குப் போட்டாச்சு சார்" என்றார், முகத்தைக்கூடப் பார்க்காமல். கம்பெனியில் புதுசுக்கு 41,000 சொல்கிறார்கள். புகைச் சான்றிதழ் அடுத்த மாதம் 12ஆம் தேதியோடு முடிகிறது.