புளூ பேட்ஜ் பதிவுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

லண்டன் பக்கம் புளூ பேட்ஜ் (நடக்கச் சிரமப்படுகிறவர்கள் போன்றோருக்குக் கவுன்சில் தரும் கார் நிறுத்தச் சலுகை அட்டை) உள்ள அப்பா அம்மாவை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு நாலு எட்டு வைப்பதே பாடு. ஊருக்கு டிக்கெட் போட்டதும், விமான நிலைய வாசலில் காரிலிருந்து ஆளை இறக்கிவிட வாங்கும் கட்டணத்துக்கு விலக்கு வாங்க அக்கா இணையத்தில் தேடினாள். விளம்பரமாக முதலில் வந்த பக்கம் விமான நிலையத்தின் பக்கம் போலவே இருந்தது. அதே நிறம், அதே சக்கர நாற்காலிப் படம். பேட்ஜின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். கார் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் வாங்கினார்கள். பதிவுக் கட்டணம் என்று 24 பவுண்டு எடுத்தார்கள். விலக்கு உறுதியாகிவிட்டது என்று மின்னஞ்சலும் வந்தது.

அம்மா ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு 80 பவுண்டு அபராதக் கடிதம் வந்தது. விமான நிலைய வாசலில் தடுப்புக் கட்டை கிடையாது, கேமராதான் நம்பர் பிளேட்டைப் படிக்கிறது. விசாரித்தால், எங்கள் காருக்குப் பதிவே இல்லை என்றார்கள். அந்த இணையப் பக்கத்துக்கு எழுதினோம். நாங்கள் விண்ணப்பிக்க உதவுகிறவர்கள் மட்டும்தான், பணம் திரும்பக் கிடைக்காது என்று பதில். என்ன உதவி? நடக்க முடியாத ஒரு மனுஷியின் முகமும் முகவரியும் இப்போது யார் கையிலோ இருக்கிறது. பணத்தைவிட எனக்கு அதுதான் ஆத்திரம்.

பேட்ஜைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பொதுச் சாலைகளுக்கான திட்டம். விமான நிலையச் சாலைகள் தனியார் நிலம், ஒவ்வொன்றும் தன் விதியைத் தானே வைத்துக்கொள்கிறது. ஹீத்ரோவில் இந்தக் கட்டணம் 2021 நவம்பரில் 5 பவுண்டாகத் தொடங்கியது, பிறகு ஏறிவிட்டது. பேட்ஜ் உள்ளவர்களுக்கு அங்கே முழு விலக்கு உண்டு, ஆனால் நாமே விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. விமான நிலையத்தின் சொந்தப் பக்கத்துக்கு நேராகப் போங்கள், தேடலில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, பேட்ஜ் காருக்கு அல்ல, ஆளுக்கு. அம்மா உள்ளே இருந்தால் மாமாவின் காரிலும் செல்லும். சக்கர நாற்காலி உதவியும் சட்டப்படி இலவசம். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட்டால் போதும். அதற்கும் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்படி அபராதம் வந்தால் 14 நாளுக்குள் கட்டினால் பாதி என்ற வரியைப் பார்த்துப் பயந்து உடனே கட்டிவிடாதீர்கள். கட்டிவிட்டால் பொதுவாக முறையீட்டுக்கு வழி இல்லை. நாங்கள் பேட்ஜ் நகலையும் அம்மாவின் போர்டிங் பாஸையும் வைத்து முறையிட்டோம், ரத்து செய்தார்கள். பேட்ஜ் படம் வெளியே போனதைக் கவுன்சிலுக்குத் தெரிவித்தோம். 24 பவுண்டைத் திருப்பிக் கேட்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை.